ஸ்டீயரிங் பெட்டிக்கு ஓர் இரங்கல்

ரெங்கராஜின் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே திரும்பிவிடாது. கொஞ்சம் யோசிக்கும். இடது பக்கம் போ என்றால், போகத்தான் வேண்டுமா என்று தயங்கி, அப்புறம் பெரிய மனது பண்ணிப் போகும். நேர் ரோட்டிலும் சும்மா இருக்க முடியாது. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் கார் நேராகப் போகும். எதிரே வருகிறவர்களுக்கு, பெரியவர் ரோட்டில் உட்கார்ந்து மாவாட்டுகிற மாதிரி தெரியும்.

அவர் மனைவி மணிமேகலை இருந்தவரை இடது பக்க சீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வருவார். “நீங்களும் இந்த வண்டியும் ஒண்ணுதாங்க. சொன்னது காதுல விழுந்து, உள்ள போயி, ஆற அமர யோசிச்சு, அப்புறம்தான் அசையுறீங்க.”

போன ஆவணியில் மணிமேகலை போய்ச் சேர்ந்துவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டில் இப்போது ரெங்கராஜும், போர்டிகோவில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கான்டெசா காரும்தான். இடது பக்க சீட்டில் பூப்போட்ட துணியில் ஒரு மெத்தை கிடக்கிறது. இடுப்பு வலிக்காக மணிமேகலை தானே தைத்துக்கொண்டது. ரெங்கராஜ் அதை எடுக்கவில்லை. எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கைலாசபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தபோது ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கிய கார் அது. அந்தக் காலத்திலேயே பவர் ஸ்டீயரிங். ஒரு விரலால் திருப்பலாம் என்று சொல்லிச் சொல்லித்தான் விற்றார்கள். வயதானால் பவர் யாருக்குத்தான் இருக்கிறது? ஆனி மாதம் ஒரு நாள் காவிரிப் பாலத்தில் கார் தன் போக்கில் ஒரு டவுன் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டது. மயிரிழையில் தப்பியது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி, “யோவ் பெருசு! ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரெங்கராஜ் அப்படியே ஓரங்கட்டி, மெதுவாகத் தென்னூருக்கு உருட்டிக்கொண்டு போய் முஜிபுர் ரஹ்மானின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்.

முஜிபுர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“சார், ஸ்டீயரிங் பாக்ஸ் போச்சு. உள்ள பல்லு தேஞ்சு ப்ளே விழுந்திருச்சு, லூசா ஆடுது. மேல ஒரு ஸ்க்ரூ இருக்குல்ல, அதை நானே எத்தனை தடவை டைட் வச்சிருக்கேன்! இதுக்கு மேல வச்சா ஒரேயடியா இறுகிக்கும். திருப்பினா திரும்பி வராது.”

“புதுசு கிடைக்குமா?”

“கம்பெனியே மூடியாச்சு, பாக்ஸ் எங்கேருந்து வரும்? வெளிநாட்டுலேருந்து வரவழைக்கலாம்னு சொல்றாங்க. அந்த ரேட்டுக்கு நீங்க இன்னொரு கார் வாங்கிட்டு, மிச்சத்துக்கு எனக்கு பிரியாணி வாங்கித் தரலாம்.” முஜிபுர் மூலையில் கிடந்த ஒன்றைக் காலால் காட்டினார். “இது ஜீப்புல இருந்து கழட்டினது. நல்ல பாக்ஸ். சீல் மாத்தி, தாங்குறதுக்கு ஒரு பிராக்கெட் அடிச்சு, ஹோஸ் மட்டும் புதுசா போட்டுட்டா கும்முனு உக்காந்துக்கும். உங்க பென்ஷனுக்குத் தாங்கும். ஆனா சார், உங்க பேரவைல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க. போன வருஷம் ஒருத்தருக்கு ஹார்ன் மாத்திக் குடுத்ததுக்கு என்னை மேடையில ஏத்தி விளக்கம் கேட்டாங்க. நான் போட்ட ஹார்ன் அடிக்குதுன்னு கம்ப்ளெயின்ட்.”

“அது வரைக்கும்?”

“வண்டியை நானே மெதுவா வீட்டுல கொண்டு வந்து விட்டுர்றேன். அது வரைக்கும் இதை ஓட்டாதீங்க. அம்மாவும் இல்ல. வீட்டுல ஒரு ஆளாவது உசுரோட இருக்கணும்ல?”

இந்த இடத்தில் பேரவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழுப்பெயர் காவிரிக்கரைப் பாரம்பரிய ஊர்திப் பேரவை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தென்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மினி ஹாலில் கூடும். மேடையில் பதினோரு பேர் உட்காருவார்கள். கீழே ஏழு பேர். பேச எழுந்திருக்கிற ஒவ்வொருவரும் மேடையில் இருக்கிற பதினோரு பேரையும் தனித்தனியாக ‘அவர்களே’ போட்டு அழைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். பெரும்பாலும் விஷயம் வருவதற்குள் சாப்பாடு வந்துவிடும். முதலில் தலைவர் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்துவார். அடுத்து செயலாளர் அதே பொன்னாடையைத் தலைவருக்குப் போர்த்துவார். சிக்கனம்.

தலைவர் சகாயநாதனிடம் ஒரு கறுப்புக் கார் இருக்கிறது. ராஜா காலத்து வண்டி. அது இதுவரை ஓர் ஊர்வலத்திலும் ஓடியதில்லை. ஆனால் எல்லா ஊர்வலத்திலும் கலந்துகொண்டிருக்கிறது. லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

செயலாளர் அழகர்சாமி அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரவையின் விதிகளை எழுதியது அவர்தான். ஆரம்பத்தில் இரண்டு பேர் காரை விற்றுவிட்டு, மாதாமாதம் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தடுப்பதற்காக அழகர்சாமி மூளையைக் கசக்கி ஒரு விதி போட்டார்: பேரவையில் உறுப்பினர் என்பது கார்தான். மனிதர்கள் காரின் பாதுகாவலர்கள், கூட வருகிறவர்கள். அன்றையிலிருந்து வருகைப் பதிவில் காரின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே நிற்கிற காரின் சார்பில் பாதுகாவலர் எழுந்து, “வந்திருக்கிறது ஐயா” என்று சொல்ல வேண்டும்.

மணிமேகலை இறந்த மறுவாரம் ரெங்கராஜ் அழகர்சாமிக்கு போன் பண்ணியிருந்தார். பேரவையில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் இரங்கல் தீர்மானம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

“ரொம்ப வருத்தமா இருக்கு சார்” என்றார் அழகர்சாமி. “ஆனா இரங்கல் தீர்மானம் உறுப்பினருக்கு மட்டும்தான். அவங்க உறுப்பினர் இல்ல. சரியா சொல்லப்போனா நீங்களே உறுப்பினர் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரிங்க.”

“அப்புறம் சார், வர்ற மாசம் ஊர்வலத்துக்குப் புளியோதரை யாரு செய்வாங்க?”

ஒவ்வோர் ஊர்வலத்துக்கும் இரண்டு தூக்குச் சட்டி நிறையப் புளியோதரை செய்து மடியில் வைத்துக்கொண்டு வந்தது மணிமேகலைதான். ரெங்கராஜ் போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் போனார். போகாமல் என்ன செய்வது? அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரிடம் யாராவது, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார்கள். பந்தி பரிமாறுகிறவர் கேட்டாலும் கேள்வி கேள்விதானே.

ஆனி மாதக் கூட்டத்துக்கு ரெங்கராஜ் டவுன் பஸ்ஸில் போனார்.

“கான்டெசா, வெள்ளை?” என்றார் அழகர்சாமி.

ரெங்கராஜ் எழுந்தார். “வண்டி ரிப்பேருங்க. நான் வந்திருக்கேன்.”

“வண்டி வரலேன்னா வருகை இல்ல சார்.”

“நான் இங்கதானே நிக்குறேன்?”

“நிக்குறீங்க, யாரு இல்லேன்னா? வரல, அவ்வளவுதான். தொடர்ந்து மூணு கூட்டம் வரலேன்னா பேரை எடுத்துருவோம். பாத்துக்குங்க.” சாப்பாட்டு டோக்கனும் கிடையாது என்று அவர் சொல்லவில்லை. அது சொல்லாமலே புரிந்தது.

வராதவராக நின்றபடியே ரெங்கராஜ் தன் கோரிக்கையைச் சொன்னார். ஸ்டீயரிங் பெட்டி தேய்ந்துவிட்டது. அசல் கிடைக்காது. ஜீப்புடையதைப் போட அனுமதி வேண்டும். ஆவணியில் மனைவியின் வருஷ திதி வருகிறது. அவர் ஊரான உப்பிலியபுரத்துக்குக் காரில் போக வேண்டும்.

“பஸ்ல போலாமே?” என்றார் அழகர்சாமி.

“வருஷா வருஷம் நாங்க அந்த வண்டியிலதாங்க போவோம். அவ ஊருக்கு அவளை நான் பஸ்ல கூட்டிட்டுப் போனதே இல்ல.”

இதை எந்த விதியின் கீழ் கேட்பது என்று தெரியாமல் மேடை ஒரு நிமிடம் விழித்தது. பிறகு தலைவர் சகாயநாதன் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! ஜீப்பின் பெட்டியைக் கான்டெசாவுக்குப் போடலாமா என்று நண்பர் கேட்கிறார். நான் கேட்கிறேன், நாளைக்கு உங்கள் நெஞ்சைத் திறந்து இன்னொருவர் இதயத்தை வைத்தால் நீங்கள் நீங்களாக இருப்பீர்களா? ஒரு பாரம்பரியக் காரின் முதல் எதிரி எது? துரு அல்ல! மழை அல்ல! ஓட்டுவது! ஓட்டுவதால்தான் தேய்கிறது! என் காரைப் பாருங்கள். இருபது வருடமாக என்னிடம் இருக்கிறது. ஒரு பல் தேய்ந்திருக்கிறதா? ஏன்? அதற்குள் எஞ்சினே இல்லை! அதைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன்!”

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு குழு அமைக்கப்பட்டது. வீட்டுக்கே வந்து காரைப் பார்ப்பார்கள் என்றார்கள்.

அசல்தன்மைக் குழு வருகிற நாளன்று ரெங்கராஜ் காலையிலேயே எழுந்து வீட்டைப் பெருக்கித் துடைத்தார். சோபாவின் மேல் மாதக்கணக்கில் கிடந்த துணிகளை மடித்து உள்ளே வைத்தார். மணிமேகலை விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பூப்போட்ட கப்புகளைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினார். கடையில் காராசேவும் மைசூர்பாகும் வாங்கித் தட்டில் வைத்து மூடினார். அந்த வீட்டுக்குள் பேப்பர்காரரைத் தவிர ஆள் வந்து எத்தனையோ மாதம் ஆகிறது. பேப்பர்காரரும் கேட்டோடு சரி.

குழுத் தலைவி அக்னஸ் கெமிஸ்ட்ரி புரொபசராக இருந்தவர். கையில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கொண்டு வந்திருந்தார். கூட அழகர்சாமி. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போர்டிகோவுக்குப் போய்க் காரின் கீழே குனிந்தார்கள்.

“உள்ள வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுப் பாக்கலாமே?” என்றார் ரெங்கராஜ்.

“டியூட்டி நேரத்துல சாப்பிட மாட்டோம் சார்” என்று காரின் கீழிருந்து அக்னஸின் குரல் வந்தது. “இந்த ஆயில் எத்தனை வருஷமா ஒழுகுது?”

“அது ஒரு ஏழெட்டு வருஷம் இருக்கும்.”

“குட். ஒரே இடத்துல நிதானமா ஒழுகுது. அழகர்சாமி சார், ஒழுகல் அசலானதுன்னு எழுதிக்குங்க. அதை நிறுத்தக் கூடாது.”

பிறகு அக்னஸ் இடது கதவைத் திறந்தார். டார்ச் வெளிச்சம் பூப்போட்ட மெத்தையில் விழுந்தது.

“இது என்ன?”

“என் வீட்டுக்காரம்மா தைச்சதுங்க. இடுப்பு வலிக்கு.”

“கம்பெனி குடுத்தது இல்லையே?”

“இல்லீங்க. மணிமேகலை குடுத்தது.”

“அப்ப எடுத்துருங்க. சீட்டோட அசல்தன்மை போயிரும். துணை இருக்கையில் அந்நியப் பொருள்னு எழுதிக்குங்க, சார்.”

பெட்டியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ரெங்கராஜ் கேட்டதற்கு, பெட்டி மிக நன்றாகத் தேய்ந்திருக்கிறது, இவ்வளவு அசலான தேய்மானத்தைச் சமீபத்தில் பார்க்கவில்லை என்று அக்னஸ் பாராட்டினார். அடுத்து வேறொரு வீட்டில் ஒரு காரைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். ரெங்கராஜ் மூன்று கப்பிலும் ஊற்றி வைத்திருந்த காபியை ஒவ்வொன்றாக அவரே குடித்தார். மூன்றாவது ஆறிப் போயிருந்தது. மனசு விட்டுச் சொன்னால், அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. பெட்டிக்காக இல்லை.

ஆடிக் கூட்டத்துக்கும் பஸ்ஸில்தான் போனார், இரண்டாம் முறையாக வராமலிருந்தார். குழுவின் முடிவை அழகர்சாமி வாசித்தார். ஜீப் பெட்டி போடக் கூடாது. போட்டால் உறுப்பினர் தகுதி பறிபோகும். பழைய பெட்டியோடு ஓட்டலாம், ஆனால் அது ஆபத்து என்பதால் ஓட்டாமல் இருப்பது நல்லது. மூன்றாவது கூட்டத்துக்கும் கார் வராவிட்டால் விதிப்படி நீக்கம்.

“அப்ப வண்டி எப்படிங்க வரும்?”

“அது பாதுகாவலர் பொறுப்பு” என்றார் அழகர்சாமி. “தலைவர் மாதிரி லாரி வச்சுக்கலாம்.”

அன்று சாயங்காலம் உப்பிலியபுரத்திலிருந்து மணிமேகலையின் தங்கை வள்ளிக்கண்ணு போன் பண்ணினார். ஊரில் வயலும் நாலு மாடும் வைத்துக்கொண்டு ஓயாமல் வேலை பார்க்கிற மனுஷி. ரெங்கராஜைத் தேடி போன் பண்ணுகிற ஒரே ஆளும் அவர்தான்.

“மாமா, அடுத்த மாசம் படையலுக்கு எல்லாம் நானே ஏற்பாடு பண்ணிடறேன். திதி வியாழக்கிழமை வருது, காலையிலயே வந்துருங்க. வண்டிதான் சரியில்லையாமே, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர் பஸ் ஏறிருங்க.”

“வண்டியிலதான் வருவேன் வள்ளி.”

“எதுக்கு மாமா இந்த வீம்பு?”

பஸ்ஸில் போனால் ஒற்றை ஆளாகப் போய் இறங்க வேண்டும். காரில் போனால் அந்த மெத்தையாவது கூட வரும். இதை போனில் எப்படிச் சொல்வது? “வீம்பெல்லாம் இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் காலை முஜிபுரிடம் போய், “ஜீப் பெட்டியைப் போட்டுருங்க பாய்” என்றார்.

“பேரவை?”

“போடுங்க பாய். ஆனது ஆகட்டும்.”

முஜிபுர் ஆளனுப்பி வண்டியைக் கொண்டு வந்தார். முதலில் அடித்த பிராக்கெட் சரியாக உட்காரவில்லை. இரண்டாவதும் உட்காரவில்லை. மெஷின்காரரைத் திட்டி, தன்னையே திட்டிக்கொண்டு, மூன்றாவதை அடித்துப் பொருத்தினார். சொன்ன நாளில் வண்டி தயாராகவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் தயாரானது. ரெங்கராஜ் ஓட்டிப் பார்த்தார். தென்னூர் ரோட்டில் அவர் கை அசைந்ததும் கார் சட்டென்று திரும்பியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சார், சார்! பழைய பழக்கத்துல கையை ஆட்டாதீங்க!” என்று பின் சீட்டிலிருந்து முஜிபுர் கத்தினார். “இது சொன்ன உடனே கேக்கும். சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காருங்க போதும்.”

சும்மா பிடித்துக்கொண்டு உட்காருவது ரெங்கராஜுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் காவிரிப் பாலத்தில் கார் நூல் பிடித்த மாதிரி போனபோது அவர் தன்னை அறியாமல் இடது பக்கம் திரும்பி, “பாத்தியா?” என்றார். மெத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பேரவைக்குச் சேதி எப்படித்தான் போனதோ, அழகர்சாமியிடமிருந்து போன் வந்துவிட்டது.

“பெட்டியைக் கழட்டிட்டீங்களாமே?”

“ஆமாங்க.”

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. “ஞாயித்துக்கிழமை பழைய பெட்டியைக் கையோட எடுத்துட்டு வாங்க.”

பேரை எடுக்கப் போகிறார்கள் என்று ரெங்கராஜ் தயாராகிவிட்டார். பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு ஆவணிக் கூட்டத்துக்குப் போனார். ஹாலுக்குள் நுழைந்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையின் நடுவில் ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி, ஒரு பெரிய ரோஜா மாலை. பின்னால் பேனர் கட்டியிருந்தார்கள்: ‘அசல் ஸ்டீயரிங் பெட்டி மறைவு. இரங்கல் கூட்டம்.’

அழகர்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் விளக்கினார். “வண்டி நம்ம உறுப்பினர். உறுப்பினரோட உடம்புல ஒரு பாகம் போயிருச்சு. விதிப்படி இரங்கல் தெரிவிச்சே ஆகணும் சார். உங்களைப் பத்தின நடவடிக்கை அப்புறம். முதல்ல துக்கம்.”

பெட்டியைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து மேசையில் வைத்தார்கள். மாலை போட்டார்கள். அந்தப் பொதுப் பொன்னாடையை மடித்து அதன் மேல் போர்த்தினார்கள். பெட்டி வெள்ளை விரிப்பில் கொஞ்சம் எண்ணெய் ஒழுக்கியது. யாரும் துடைக்கவில்லை, அசலான ஒழுகல் அல்லவா?

அக்னஸ் முதலில் பேசினார். பதினோரு பேரையும் அழைத்துவிட்டு, நாத்தழுதழுக்க விஷயத்துக்கு வந்தார்.

“காரைப் பாக்குறவங்க பெயின்ட்டைப் பாப்பாங்க, பளபளன்னு இருக்குற பம்பரைப் பாப்பாங்க. இந்தப் பெட்டியை யாராவது பாத்தோமா? அது அடியில இருந்துச்சு. அடியிலயே இருந்து உழைச்சுச்சு. நம்ம பேரவை ஆண்டு மலர்ல எத்தனை போட்டோ போட்டிருக்கோம்! இதுக்கு ஒரு போட்டோ உண்டா?”

அடுத்து தலைவர் எழுந்தார்.

“முப்பது வருடம்! ஒரு நாள் ஓய்வு கேட்டதுண்டா? திரும்பு என்றால் திரும்பியது. போ என்றால் போனது. தான் உள்ளுக்குள்ளே தேய்ந்துகொண்டிருப்பதை ஒரு சத்தம் போட்டுச் சொன்னதுண்டா? சொல்லவில்லை! நாமாவது கேட்டோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! இருந்தபோது அருமை தெரியவில்லை நமக்கு. இன்று அந்த இடம் காலி. இனி எதைக் கொண்டு வந்து வைத்தாலும் அது இதுவாகுமா?”

“ஆகாது!” என்றார்கள் கீழே இருந்த ஏழு பேரில் இரண்டு பேர்.

“அனைவரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்” என்றார் அழகர்சாமி. எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்கின. அழகர்சாமி செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெங்கராஜும் தலை குனிந்து நின்றார். ஹாலில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பதினோரு பேரும் ஏழு பேரும் தனக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தலை குனிந்து நிற்பதை அவர் பார்த்தார். போன வருஷம் இதைத்தான் கேட்டார். இவ்வளவுதான் கேட்டார். ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஐயோ என்று வாய் விட்டு அழுதுவிட்டார்.

தலைவர் கண்கலங்கிப் போனார். “இதுவல்லவா பற்று! இந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு நடவடிக்கையாவது ஒன்றாவது!” என்று மேடையிலேயே அறிவித்தார். கான்டெசாவின் உறுப்பினர் தகுதி தொடரும். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டி விஷயத்தில் கருணை காட்டியாகிவிட்டதால், துணை இருக்கையில் இருக்கும் அந்த மெத்தையை மட்டும் எடுத்துவிட வேண்டும். இரண்டு குற்றத்தைப் பேரவை தாங்காது. ரெங்கராஜ் மேடைக்கு வந்து ஏற்புரை வழங்குவார்.

ரெங்கராஜ் மேடையேறினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு பதினோரு பேரையும் வரிசையாக அழைத்தார். ஒருவரையும் விடவில்லை.

“பெட்டியைப் பத்தி எல்லாரும் ரொம்ப நல்லா பேசினீங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க பெட்டி பெட்டின்னு சொன்ன இடத்துல எல்லாம் நான் மணிமேகலைன்னு போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். எல்லாமே பொருந்துச்சுங்க. ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டி வரல. அடியிலயே இருந்துச்சுன்னீங்க. சரிதான். அவளும் உங்க பந்தியில புளியோதரை வச்சிட்டுக் கடைசியிலதான் உக்காருவா. தேஞ்சதை நாமளாவது கேட்டோமான்னு தலைவர் கேட்டார். நான் கேக்கலீங்க.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “இரங்கல் தெரிவிச்சதுக்கு நன்றி. அவளுக்கு யாரும் தெரிவிக்கலையேன்னு இருந்துச்சு. இப்ப ஆயிருச்சு.”

ஹாலில் யாரும் கைதட்டவில்லை. அக்னஸ் தன் கைக்குட்டையைத் தேடினார். அழகர்சாமி மட்டும் எழுந்து ரெங்கராஜின் காதருகே வந்தார்.

“சார், தீர்மானத்துல பெட்டின்னு எழுதியாச்சு. பேரை மாத்தணும்னா அடுத்த கூட்டத்துலதான் திருத்தம் கொண்டுவர முடியும்.”

“மாத்த வேண்டாங்க. பெட்டின்னே இருக்கட்டும்.”

“மெத்தை?”

“அதை எடுக்க மாட்டேன்.”

“எடுக்கலேன்னா பேரை எடுத்துருவோம் சார்.”

“எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் இறங்கினார். சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. பந்தி பரிமாறுகிறவர் இலையோடு எதிரே வந்து, “சாப்பிட்டீங்களா சார்?” என்றார். ரெங்கராஜ் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வெளியே நடந்தார். இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன செய்வது என்று காரை எடுக்கும்போது யோசித்தார். பயமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர் என்று கார் கோணாமல் போனது. உப்பிலியபுரத்தில் வீட்டு வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டதும் வள்ளிக்கண்ணு ஈரக் கையோடு ஓடி வந்தார். வருஷா வருஷம் செய்கிற மாதிரி நேராக இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தார். திறந்த பிறகுதான் நினைவு வந்தது. மெத்தையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

படையல் முடிந்து, காக்கைக்கு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ரெங்கராஜ் போர்த்திய துண்டை உதறிக்கொண்டு, “வள்ளி, ஒரு நடை போயிட்டு வருவோமா?” என்றார்.

வள்ளிக்கண்ணு ஏறினார். மெத்தையின் மேல் உட்காரவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பச்சைமலை அடிவாரத்துக்குப் போகிற ரோட்டில் கார் போனது. இரண்டு பக்கமும் மரவள்ளி. ரோடு ஆளில்லாமல் நேராகக் கிடந்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது ரெங்கராஜுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அந்த நினைப்பில், கை தானாகப் பழையபடி ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டது. புதுப் பெட்டி சொன்னதைக் கேட்டது. கார் ரோட்டில் பாம்பாக நெளிந்தது.

“மாமா! என்ன பண்றீங்க!” வள்ளிக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “கையை ஆட்டாம நேரா பிடிங்க! இந்த மாதிரி ஓட்டுனா அக்கா எப்படித்தான் இவ்வளவு வருஷம் பக்கத்துல உக்காந்து வந்துச்சோ! சொன்னா கேக்குறீங்களா, பாருங்க, முன்னாடி பாத்து ஓட்டுங்க!”

ரெங்கராஜ் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தார். கார் ஒழுங்காகப் போனது. ஒரு வருஷம் கழித்து இடது பக்கத்திலிருந்து திட்டு கேட்கிறது.

கொஞ்ச தூரம் போய், ரோட்டில் முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை ஆட்டினார்.